விந்தணுவின் அமைப்பும் இயக்கமும்
ஓர் ஆராய்ச்சி வரலாறு

அறிவியல் வரலாற்றிலே வெட்கத்தோடு எழுதத் தொடங்கப்பெற்ற அதிகாரங்கள் சில உள. அவற்றுள் ஒன்று, 1677 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒல்லாந்து நாட்டின் டெல்வ்ற் நகரிலிருந்து இலண்டன் றோயல் சங்கத்தின் தலைவரான பிறவுங்கர் பிரபுவுக்கு விடுக்கப்பட்ட ஒரு கடிதத்தோடு தொடங்குகின்றது. எழுதியவர் அன்ரனி வான் லீவன்ஹூக் என்னும் துணி வணிகர். பல்கலைக்கழகத்திற் கால் வைத்தறியாதவர். அக்காலத்து அறிஞர் மொழியாகிய இலத்தீனை அறியாதவர். தம் கையாலே தேய்த்துச் செய்த சிறு வில்லைகளைக் கொண்டு மழைநீரிலும் மிளகு ஊறிய நீரிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் திரிவதைக் கண்டு அவற்றை அச்சங்கத்துக்கு எழுதியனுப்பி அதற்குமுன்னரே பெயர் பெற்றிருந்தார். ஆயினும் இக்கடிதத்தை எழுதும்போது அவர் கை தயங்கியது. தாம் ஆராய்ந்த பொருள் பாவச் செயலாற் பெறப்பட்டதன்று, முறையான இல்வாழ்க்கையின் எச்சமே என்று விளக்கங் கூறினார். அறிஞர்க்கு இது அருவருப்பையோ இழிவையோ தருமாயின் அச்சிடாது விடுக என்றும் வேண்டிக்கொண்டார். சங்கம் அதனை அடக்கிவிடவில்லை. இலத்தீனிலே தன் வெளியீட்டில் அச்சேற்றிற்று.

இச்செய்தியை அவரிடம் முதலிற் கொண்டுவந்தவர் லெய்டன் நகரிலே மருத்துவம் பயின்ற யோஹான் ஹாம் என்னும் மாணவர். மேகவெட்டை நோயுற்ற ஒருவனின் கழிவிலே வாலுள்ள சிற்றுயிர்களைக் கண்ட ஹாம், அவை நோயினால் அழுகிய பொருளிலிருந்து தோன்றியன என்று கருதினார். நோயாளி தேவதாரெண்ணெய் உண்டபின் அவ்வுயிர்கள் இறந்து காணப்பட்டன என்பதும் அவர் கூற்று. லீவன்ஹூக் செய்த முதற் பணி, நோயற்றவனுடைய விந்தையும் பார்த்ததாகும். அங்கும் அவை இருந்தன. மிகப் பலவாக இருந்தன. ஆகவே அவை நோயின் விளைவல்ல என்பது ஒரே நோக்கிற் பெறப்பட்டது. ஒப்பீடின்றி எதனையும் முடிவு செய்தலாகாது என்னும் நெறியை, அப்பெயரால் அதனை அறியாத வணிகர் ஒருவர் கடைப்பிடித்தார். பிற்கால மருத்துவர் பலர் இதே பொருளில் அந்நெறியை மறந்தனர் என்பது பின்னே காணப்படும்.

அக்கடிதத்தின் விவரணையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும். உடல் உருண்டது, முன்புறம் மழுங்கியது. பின்னே உடலினும் ஐந்தாறு மடங்கு நீண்டதும் ஒளி ஊடுருவுவதுமான வால். நீரில் விலாங்கு நீந்துவதுபோல அவ்வாலைப் பாம்பென நெளித்து அவை முன்செல்கின்றன என்று அவர் எழுதினார். உருவத்தையும் ஓட்டத்தையும் ஒரே வாக்கியத்திற் சேர்த்துக் கூறிவிட்டார். ஆயின் அவருக்குப் பின் அவ்விரண்டும் பிரிந்தன. உருவத்தை ஆராய்ந்தோர் ஒரு கூட்டமாயினர்; ஓட்டத்தை எண்ணியோர் வேறொரு கூட்டமாயினர். அவை மீண்டும் ஒன்றுகூடுவதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் சென்றன.

பிரிவுக்கு முதற் காரணம் அவ்வோட்டமே. தானாக அசைவது விலங்கு என்பது அக்காலத்துப் பொது எண்ணம். விந்தணு அசைந்தது, ஆகவே விலங்கு எனப்பட்டது. விலங்காயின் மனித உடலில் அதற்கென்ன வேலை? விந்திலே வாழும் ஒட்டுண்ணி என்றனர் சிலர். மனிதனே அதனுள் அடங்கியிருக்கிறான் என்றனர் வேறு சிலர். 1694 ஆம் ஆண்டிலே நிக்கலாஸ் ஹாட்சூக்கர் வெளியிட்ட நூலில், விந்தணுவின் தலைக்குள்ளே முழங்காலை மடக்கிக் குந்தியிருக்கும் குறுமனிதனின் படம் உண்டு. அவர் அதனைக் கண்டதாகக் கூறினாரல்லர். காண முடியுமாயின் இவ்வாறிருக்கலாம் என்றே எழுதினார். படமோ நிலைத்தது, "காண முடியுமாயின்" என்ற சொல்லை உலகம் மறந்தது. 1827 ஆம் ஆண்டிலே பாலூட்டிகளின் முட்டையைக் கண்டறிந்த பெருமைக்குரிய வொன் பேயரும், இன்று நாம் வழங்கும் அறிவியற் பெயரை விந்தணுவுக்கு இட்டபோது அதனை ஒட்டுண்ணி வகையாகவே எண்ணினார்.

இத்தாலிய அறிஞரான ஸ்பலன்சானியின் கதை இதனினும் வியப்பானது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆண் தவளைகளுக்கு நெருக்கமான பட்டுக் காற்சட்டை தைத்து அணிவித்து, விந்து முட்டையிற் படாதவிடத்துக் குஞ்சு தோன்றாமையைக் காட்டினார். 1780 ஆம் ஆண்டளவில் பெண்ணாய் ஒன்றுக்கு விந்தைக் குழல்மூலம் செலுத்தினார். அது 62 ஆம் நாளில் மூன்று குட்டிகளை ஈன்றது. தவளையின் விந்தை வடிதாளில் வடித்து, வடிந்த நீர் பயனற்றுப்போவதையும் தாளில் எஞ்சியது பயன்படுவதையும் கண்டார். விடை அவர் கையிலே இருந்தது. ஆயினும் கருவை உண்டாக்குவது நீரே, நெளியும் புழுக்கள் அல்ல என்ற கொள்கையை அவர் கைவிட்டிலர். 1824 ஆம் ஆண்டில் பிறெவோ, டூமா என்னும் இருவர் அதே வடிகட்டற் சோதனையை மீண்டும் செய்து, அவர் கூற மறுத்த முடிவைக் கூறினர். 1841 இற் கொலிக்கர் விந்தணு விதையிலுள்ள கலங்களிலிருந்தே உருவாகின்றது எனக் காட்டியதோடு ஒட்டுண்ணிக் கொள்கை ஒழிந்தது. 1876 இல் ஒஸ்கார் ஹேர்ட்விக் கடல் முள்ளியின் முட்டையில் இரு கருக்கள் இணைவதை வெளியிட்டார். சில ஆண்டுகளில் ஹேர்மன் போல் விந்தணு ஒன்று முட்டையினுட் புகுவதைக் கண்டு விவரித்தார். அசையும் பொருள் விலங்கன்று, உடலை விட்டுப் பிரிந்து தன் கடமைக்காக நீந்திச் செல்லும் ஒரு கலம் என்ற தெளிவு இவ்வாறு பிறந்தது.

இனி உருவத்தை ஆராய்ந்தோர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே நுணுக்குக்காட்டியும் சாயமூட்டும் முறையும் மிகத் திருந்தின. தலை, கழுத்து, நடுத்துண்டு, வால் என்னும் பகுதிகள் வகுக்கப்பட்டன. மனித விந்தணுவின் தலை நீள்வட்டமானது, நீளம் 4 முதல் 5 மைக்கிரோமீற்றர். வால் ஏறக்குறைய 45 மைக்கிரோமீற்றர். 1888 ஆம் ஆண்டில் யேர்மானியரான பலோவிற்ஸ் விந்தணு வாலை ஊறவைத்துப் பிரித்து, அது ஒரே இழையன்று, பல நுண்ணிழைகளின் கட்டு என்று எழுதினார். கயிறு புரிகளாற் செய்யப்பட்டதென அவர் கண்டாரேயன்றி, புரி ஒவ்வொன்றும் என்ன செய்கின்றதென்பதைக் காணும் கருவி அன்று இல்லை. சுவீடன் அறிஞர் றெற்சியஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எண்ணிறந்த விலங்குகளின் விந்தணுக்களை வரைந்து பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அழகிற் குறைவற்ற படங்கள். ஆனால் அவற்றில் உள்ளவை யாவும் அசையாதவை.

மருத்துவர் பக்கத்து வரலாறு வேறு வகையானது. மக்கட்பேறின்மைக்குப் பெண்ணையே காரணமாகக் கொள்வது உலகம் முழுவதற்கும் பொதுவான பழக்கமாயிருந்தது. தமிழிலும் மலடி என்ற சொல் வழங்குமளவுக்கு மலடன் என்ற சொல் வழங்கவில்லை. அகராதியில் அது உண்டு, வாயில் இல்லை. மேனாட்டு மருத்துவமும் இதற்கு விலக்கன்று. 1866 ஆம் ஆண்டிலே அமெரிக்கரான மரியன் சிம்ஸ் தாம் வெளியிட்ட நூலில், உறவின்பின் பெண்ணின் கருப்பைக் கழுத்துச் சளியை நுணுக்குக்காட்டியில் நோக்கி, அங்கு விந்தணு உயிரோடு உளதா என்று பார்க்கவேண்டும் என வற்புறுத்தினார். கணவனை நேரே சோதிக்க முடியாத சமூகத்தில் மனைவியின் வழியாகவே அவனைச் சோதித்த முறை அது. அடிமைப் பெண்கள்மீது உணர்விழப்பு மருந்தின்றி அறுவைச் சோதனைகள் செய்த மருத்துவரும் இவரே என்பதையும் வரலாறு மறைப்பதற்கில்லை. 1913 இல் மக்ஸ் ஹூனர் அச்சோதனையைத் திருத்திப் பரப்பினார்.

ஆண்மகனிடத்துக் கூச்சம் காரணமாகச் செய்யப்படாத ஆராய்ச்சி காளைமாட்டினிடத்து முதலிற் செய்யப்பட்டது. காளை கருவளமிழந்தால் பண்ணைக்காரனுக்குப் பணநட்டம். மானநட்டம் எவருக்கும் இல்லை. 1925 ஆம் ஆண்டில் வில்லியம்ஸ், சவேஜ் என்னும் இருவர் காளைகளின் விந்தணுத் தலைகளை அளந்து, கருவளங் குன்றிய காளைகளில் உருவப் பிறழ்வு மிகுந்திருப்பதை எழுதினர். 1934 இல் சுவீடனிலே லாகெர்லொவ் அதனை மேலும் விரித்தார். மனிதரிடத்தே மோயெஞ்சும் ஹோல்ற்றும் 1931 இல் இவ்வளவை முறையைப் புகுத்தினர். எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டோரும் இருந்தனர். 1929 இல் மக்கோம்பரும் சாண்டேர்சும் ஒரு கன சென்றிமீற்றருக்கு 6 கோடி விந்தணுக்களை எல்லையாக உரைத்தனர்.

அவ்வெல்லைக்கு ஒரு குறையுண்டு. குழந்தையற்றோரை மட்டும் எண்ணிப் பார்த்து எல்லை வகுத்தல், நோயாளியை மட்டும் பார்த்த ஹாமின் தவறேயாகும். லீவன்ஹூக் செய்ததை இத்துறையிற் பெரிய அளவிலே செய்தவர் ஜோன் மக்ளவுட். றூத் கோல்ட் என்னும் அம்மையாரோடு சேர்ந்து, மனைவியர் கருவுற்றிருந்த 1000 ஆடவரின் விந்தையும், குழந்தையற்ற மணவாழ்க்கையினரின் விந்தையும் ஒப்பிட்டு 1951 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். எண்ணிக்கை, அசைவு, உருவம் ஆகிய மூன்றும் நோக்கப்பட்டன. 6 கோடிக்குக் கீழே எத்தனையோ தந்தையர் இருந்தனர். இரு கூட்டத்தாருக்கும் வேறுபாடு தெளிவாகத் தோன்றியது 2 கோடிக்குக் கீழேதான். அவ்வெண் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவ நூல்களில் ஆட்சி செய்தது.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. ஆய்வுகூட அறிக்கையில் அசைவு ஒரு நிரல், உருவம் ஒரு நிரல் என இரண்டு எண்கள் பக்கத்திற் பக்கமாக எழுதப்பட்டன. அசைவு, உயிருள்ள ஈரத் துளியிலே பார்க்கப்பட்டது. உருவமோ கண்ணாடித் தகட்டிற் பூசி உலர்த்திச் சாயமேற்றிய இறந்த கலங்களிற் பார்க்கப்பட்டது. ஆகவே ஓடிய விந்தணுவின் உருவமும், உருவம் காணப்பட்ட விந்தணுவின் ஓட்டமும் ஒருவருக்கும் தெரியாதனவே. ஒரே மனிதரிடம் இரண்டும் சேர்ந்து குறைவதைப் பலரும் கண்டனர். ஏன் குறைகின்றன, உருவத்தின் எப்பகுதி ஓட்டத்தைக் கெடுக்கின்றது என்ற வினாவுக்கு அவ்வறிக்கையால் விடை கூற இயலவில்லை. சாதாரண நுணுக்குக்காட்டியின் கண்ணுக்கு நேரிய வாலெல்லாம் நல்ல வாலே.

விடை மருத்துவமனையிலிருந்து வரவில்லை. பன்னத்திலும் பாசியிலும் கடல் முள்ளியிலும் இருந்து வந்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டி பயன்பாட்டுக்கு வந்ததும், இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துத் தாவரவியலறிஞர் அயிரீன் மன்ரன் அம்மையார், பன்னம், பாசி ஆகியவற்றின் நீந்தும் ஆண்கலங்களை ஆராய்ந்து, வாலின் உள்ளே 11 இழைகள் உள என்பதையும், அவற்றுள் ஒன்பது சுற்றிலும் இரண்டு நடுவிலும் அமைந்திருப்பதையும் 1950 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நிறுவினார். 1954 இற் போசெற்றும் போட்டரும் விலங்குகளின் பிசிர்களில் அதே ஒழுங்கைக் கண்டனர். பன்னத்தின் ஆண்கலத்துக்கும், சிப்பியின் பூவுக்கும், மனிதனின் மூச்சுக்குழாய்ப் பிசிருக்கும், அவனுடைய விந்தணுவின் வாலுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே என்பது இதனாற் பெறப்பட்டது. இவ்வொருமைப்பாட்டின் முழுப் பொருள் பின்னரே விளங்கியது.

1959 ஆம் ஆண்டிலே ஸ்ரொக்ஹோம் நகரத்து பியோன் அப்செலியஸ் புதிய பதப்படுத்தும் முறையொன்றைக் கையாண்டு கடல் முள்ளி விந்தணுவின் வாலைக் குறுக்கே சீவிப் பார்த்தார். வெளிவட்டத்து ஒன்பதும் தனிக் குழாய்களல்ல, இரட்டைக் குழாய்கள். ஒவ்வோர் இரட்டையிலிருந்தும் அடுத்த இரட்டையை நோக்கிச் சிறு கைகள் இரண்டு நீண்டிருந்தன. அக்கைகள் எதற்கென்று அறிய நான்காண்டு சென்றது. இயன் கிபன்ஸ் 1963 இல் நன்னீர்வாழ் ஒருகல உயிரொன்றின் பிசிர்களிலிருந்து, அடினோசீன் முப்பொசுபேற்றை உடைத்து ஆற்றல் பெறும் புரதமொன்றைப் பிரித்தெடுத்தார். அப்புரதத்தை நீக்கியபோது கைகள் மறைந்தன. திரும்பச் சேர்த்தபோது கைகள் தோன்றின. 1965 இல் அதற்கு டைனீன் எனப் பெயரிட்டனர்.

வால் எவ்வாறு வளைகின்றது? இழைகள் தசைபோலச் சுருங்குகின்றன என்பது பழைய ஊகம். பீற்றர் சற்றிர் வளைந்த பிசிர்களின் நுனிகளை ஆராய்ந்து, இழைகளின் நீளம் மாறுவதில்லை, ஒன்றின்மேலொன்று வழுக்கியே செல்கின்றன என்று 1960 ஆம் ஆண்டுகளிற் காட்டினார். 1971 இற் சம்மேர்சும் கிபன்சும் செய்த சோதனை ஐயத்தை அகற்றிற்று. விந்தணு வாலின் மேற்சவ்வை நீக்கி, இழைகளைப் பிணைக்கும் இணைப்புக்களை நொதியத்தால் அறுத்து, அடினோசீன் முப்பொசுபேற்றை ஊட்டினர். வால் நெளியவில்லை, இரட்டைக் குழாய்கள் ஒன்றையொன்று உந்தி, மடக்குத் தொலைநோக்கி நீளுவதுபோல நீண்டு பிரிந்தன. இணைப்பு அறாதிருந்தால் அவ்வழுக்கலே வளைவாகியிருக்கும். இரண்டு ஈர்க்குகளை அடியிலே சேர்த்துக் கட்டிவிட்டு ஒன்றை மட்டும் மேலே தள்ளினால் இரண்டும் வளைவதைச் சிறுவரும் அறிவர். அடிக்கட்டு விந்தணுவின் கழுத்திலே உளது. தள்ளும் கை டைனீன். அக்கைகள் ஒரு பக்கமும் மறுபக்கமுமாக மாறிமாறித் தொழிற்படுதலினாலே அலை பிறந்து வால் வழியே ஓடுகின்றது.

இத்தகைய சிற்றுருவுக்கு நீர் தேன்போன்றது என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். 1951 இல் ஜெவ்ரி ரெயிலரும், 1955 இற் கேம்பிறிட்சின் ஜேம்ஸ் கிறேயும் ஹன்கொக்கும் கணித முறையால் இதனை விளக்கினர். துடுப்பை நிறுத்திய பின்னும் தோணி சிறிது தூரம் செல்லும். வாலை நிறுத்திய விந்தணுவோ அக்கணமே நின்றுவிடும். உந்தி விட்ட வேகம் என்ற சேமிப்பு அதற்கில்லை. ஒவ்வோர் அடியையும் ஆற்றல் செலவிட்டே கடத்தல் வேண்டும். அவ்வாற்றலுக்காகவே நடுத்துண்டில் இழைமணிகள் சுருளாகச் சுற்றப்பட்டுள்ளன. வாலின் நெடும்பகுதியில் வெல்லத்தை உடைக்கும் நொதியங்கள் உறையோடு ஒட்டியுள்ளன. நடுத்துண்டு கோணினாலும், முதிராத குழியவுரு அங்கே கட்டியாக எஞ்சினாலும் ஓட்டம் கெடுவதன் காரணம் இதனால் விளங்கும்.

இவையெல்லாம் கடல் முள்ளியிற் பெற்ற அறிவு. மனிதனிடத்து அதனைப் பொருத்திய நிகழ்ச்சியே இவ்வரலாற்றின் நடுநாயகம்.

1933 ஆம் ஆண்டிலே சூரிச் நகரத்து மருத்துவர் காட்டகெனர், விளங்காத மூன்று குறிகள் ஒருங்கே தோன்றும் நோயாளர் சிலரை விவரித்தார். முகவெலும்புக் குழிகளில் ஓயாத அழற்சி. மூச்சுக் கிளைக்குழாய்கள் விரிந்து சளி தேங்குதல். உள்ளுறுப்புக்கள் இடம்மாறி இதயம் வலப்புறத்தும் ஈரல் இடப்புறத்தும் அமைந்திருத்தல். 1904 இற் கியேவ் நகரில் சீவெர்ட் என்பவரும் இதனைக் கண்டிருந்தார். மூக்குக்கும் இதயம் நிற்கும் பக்கத்துக்கும் தொடர்பு யாது? நாற்பதாண்டுகளாக ஒருவருக்கும் புலப்படவில்லை. நோய்க்குப் பெயர் மட்டும் நிலைத்தது.

1970 ஆம் ஆண்டுகளின் நடுவிலே டென்மார்க்கிற் பெடேர்செனும் றெபேயும் (1975), சுவீடனில் அப்செலியசும் (1976), முற்றாக அசையாத விந்தணுக்களையுடைய ஆடவரை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தனர். விந்தணுக்கள் எண்ணிக்கையிற் குறைந்தனவல்ல, சாதாரண நுணுக்குக்காட்டியில் உருவமும் பிழையாகத் தோன்றவில்லை, உயிரும் இருந்தது. வாலைக் குறுக்கே சீவிப் பார்த்தபோது ஒன்பது இரட்டைகளும் நடுவிரண்டும் ஒழுங்காக நின்றன. கைகள் மட்டும் இல்லை. அப்செலியஸ் கடல் முள்ளியில் முன்னர் விவரித்த அதே கைகளை, மனிதனிடத்து இல்லாமையாற் கண்டார். அவர் ஆராய்ந்த நால்வரின் மூச்சுக்குழாயிலும் சளியை மேலே தள்ளும் ஓட்டம் இல்லை. நால்வருள் மூவர் காட்டகெனரின் நோயாளர்.

திரை இங்கு விலகியது. மூச்சுக்குழாய்ப் பிசிரும் விந்தணு வாலும் ஒரே அமைப்பாயின், கையற்ற பிசிர் சளியைத் தள்ளாது. கையற்ற வால் நீந்தாது. மூக்கழற்சியும் மலட்டுத்தன்மையும் ஒரே குறையின் இரு முகங்கள். எனின் இதயத்தின் பக்கம்? கருவின் தொடக்க நிலையிலும் பிசிர்கள் அசைந்தே உள்ளுறுப்புக்களின் இடவலத்தைத் தீர்மானிக்கின்றன. அவை அசையாதவிடத்து இடமோ வலமோ என்பது தற்செயலாகின்றது. ஆதலாற் பாதிப் பேருக்கு மாறி அமைகின்றது என்று அப்செலியஸ் ஊகித்தார். துணிவான ஊகம். அன்று அதற்கு நேரான சான்று இல்லை. 1998 ஆம் ஆண்டிலே ரோக்கியோவில் ஹிரொக்காவாவின் ஆய்வுக்குழு, எலிக்கருவின் குறித்ததோரிடத்தில் பிசிர்கள் சுழன்று நீரை இடப்புறமாக ஓட்டுவதையும், பிசிரற்ற கருக்களில் இடவலம் தாறுமாறாவதையும் கண்டு வெளியிட்டது. குழந்தையில்லையென்று வந்த ஆடவரின் விந்திலே தொடங்கிய ஆராய்ச்சி, மனித இதயம் ஏன் இடப்புறத்தே உளது என்ற வினா வரை சென்றமை எண்ணி மகிழத்தக்கது.

நடைமுறையிலும் இதனாற் பயன் விளைந்தது. அசையாத விந்தணு இறந்த விந்தணு என்ற பழைய முடிவு தகர்ந்தது. இரண்டையும் வேறுபடுத்த வேண்டிய கடமை ஆய்வுகூடத்தின் தலையில் விழுந்தது. ஈயோசின் சாயம் இறந்த கலத்தினுட் புகும், உயிருள்ளதனுட் புகாது. 1984 இல் யெயேந்திரனும் உடனாய்வாளரும், செறிவு குறைந்த கரைசலில் இட்டால் சவ்வு கெடாத விந்தணுவின் வால் நீரேற்று வீங்கிச் சுருளும் என்பதைச் சோதனையாக வகுத்தனர். அசைவின்றி உயிர் மட்டும் மிகுந்திருப்பின் வாலின் உள்ளமைப்பையே ஐயுறவேண்டும் என்பது இன்று விதி.

இதற்கு மறுதலையும் உண்டு. தலை உருண்டையாகி, முட்டையின் உறையை ஊடுருவ உதவும் உச்சிமூர்த்தம் என்னும் பகுதி அறவே இல்லாத விந்தணுக்கள் 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் விவரிக்கப்பட்டன. இவை நீந்துகின்றன, முட்டையை அடைந்தும் உட்புக மாட்டா. ஆகவே ஓட்டம் உருவத்துக்குச் சான்றன்று. ஓட்டமும் ஒரு தன்மைத்தன்று. 1951 இற் சாங், ஒஸ்ரின் ஆகிய இருவரும் தனித்தனியே, விந்தணு பெண்ணின் உடலிற் சிறிது காலம் தங்கிய பின்னரே கருவுறச் செய்யும் தகுதி பெறுகின்றது என்று கண்டனர். அத்தகுதி பெறும்போது வால் சவுக்கடிபோல் வேகங்கொண்டு வீசுவதை யனகிமாச்சி பின்னர் வெள்ளெலியிற் கண்டார். 2001 இல் வாலில் மட்டும் உள்ள கல்சியக் கால்வாய்ப் புரதமொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அஃதில்லாத எலியின் விந்தணுவுக்கு வாலும் உண்டு, அசைவும் உண்டு. முட்டையின் உறையைத் துளைக்கும் வலிமை இல்லை. ஈரத் துளியில் ஓடுவதைக் கண்டு மகிழ்ந்த மருத்துவர்க்கு இது நல்ல பாடம்.

அளவுகோல்களின் கதை தனியே கூறத்தக்கது. மக்களை மிகவும் கலங்கச் செய்வதும் அதுவே. உலக சுகாதார நிறுவனம் விந்துப் பரிசோதனைக் கைநூலை 1980 இல் முதன்முதல் வெளியிட்டது. 1987, 1992, 1999, 2010, 2021 ஆகிய ஆண்டுகளிற் புதிய பதிப்புக்கள் வந்தன. இயல்பான உருவமுடைய விந்தணுக்களின் வீதம் 1987 இல் நூற்றுக்கு 50 எனவும், 1992 இல் 30 எனவும், 2010 இல் 4 எனவும் இடப்பட்டது. இவ்வெண்களை வரிசையாகப் படிப்போர் ஆண்குலமே அழிந்துவருகின்றதோ என அஞ்சுவர். மாறியது ஆடவர் உடலன்று, அளவுகோல். தென்னாபிரிக்காவின் ரைகர்பேர்க் மருத்துவமனையிற் குறூகர், மென்க்வெல்ட் முதலியோர், கருப்பைக் கழுத்துச் சளியைக் கடந்து மேலேறிய விந்தணுக்களின் உருவத்தையே மாதிரியாகக் கொண்டு, சிறிது பிறழ்ந்தவற்றையும் இயல்பற்றவை என எண்ணும் கண்டிப்பான முறையை 1986 இல் வெளியிட்டனர். அச்சளி இயற்கை அமைத்த வடிகட்டி. உருவம் பிறழ்ந்தவையும் ஓட்டம் குன்றியவையும் பெரும்பாலும் அதனிடத்துத் தங்கிவிடும். அதனைக் கடந்தவற்றை மாதிரியாகக் கொண்டமையால், உருவமும் ஓட்டமும் பிரிந்து நின்ற அறிக்கையிலே அவை மறைமுகமாகச் சேர்ந்தன எனலாம்.

2010 ஆம் ஆண்டுப் பதிப்பிலே எல்லை வகுத்த முறையும் மாறியது. மனைவியர் 12 மாதத்துக்குள் கருவுற்ற ஆடவரை வரிசைப்படுத்தி, கீழிருந்து நூற்றில் ஐந்தாம் இடத்தை எல்லையாகக் கொண்டனர். 2021 இல் அவ்வெல்லை ஒரு மில்லிலீற்றருக்கு 1 கோடி 60 இலட்சம் விந்தணு. மொத்த அசைவு நூற்றுக்கு 42. முன்னேறும் அசைவு நூற்றுக்கு 30. இயல்பான உருவம் நூற்றுக்கு 4. பொருள் யாது? ஓராண்டுக்குள் தந்தையரான நூறு பேரில் ஐவர் இவ்வெல்லைக்குக் கீழேயே இருந்தனர் என்பதாகும். கீழுள்ளவன் மலடனல்லன், மேலுள்ளவன் தந்தையாவது உறுதியுமன்று. கைநூலே இதனை எடுத்துரைக்கின்றது. ஆயினும் அறிக்கைத் தாளைக் கையில் வாங்கும் கணவனும் மனைவியும் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்ட எல்லையையே பார்க்கின்றனர்; சில மருத்துவரும் அதற்குமேற் பார்ப்பதில்லை. ஒரு காலத்திற் பெண்ணின்மேல் எறியப்பட்ட சொல் இக்காலத்தில் எண்ணாக மாறி ஆணின்மேல் எறியப்படுவதனால் நீதி பிறந்துவிடாது.

அசைவை வகுப்பதிலும் தடுமாற்றம் இருந்தது. ஒரு விநாடிக்கு 25 மைக்கிரோமீற்றருக்குக் குறையாது விரைவன, மெல்லச் செல்வன, நின்றவிடத்தே துடிப்பன, அசையாதன என நான்கு வகுப்புக்கள் 1999 இல் இருந்தன. 2010 இல் முதலிரண்டையும் ஒன்றாக்கினர். 2021 இல் மீண்டும் பிரித்தனர். விரைவுக்குத் தனிப் பொருள் உண்டு என்பதை உணர்ந்து பழைய வழிக்குத் திரும்பியது நன்றே.

1992 ஆம் ஆண்டிலே பிறசெல்ஸ் நகரிற் பலேர்மோவும் குழுவினரும், ஒரே விந்தணுவை நுண்ணூசியால் முட்டையினுட் செலுத்திக் கருவுறச் செய்த முறையை வெளியிட்டனர். நீந்தும் கடமையிலிருந்து விந்தணு விடுதலை பெற்றது. இனி அமைப்பையும் இயக்கத்தையும் ஆராய்ந்து பயனென்ன என்று சிலர் எண்ணியதுண்டு. நிகழ்ந்தது வேறு. 2014 இற் பிரான்சின் கிறெனோபிள் நகர ஆராய்ச்சியாளர், வால் குறுகியும் சுருண்டும் இன்றியும் காணப்பட்ட ஆடவர் சிலரிடத்து டைனீன் கையின் ஒரு பகுதியை அமைக்கும் பரம்பரையலகு கெட்டிருப்பதைக் கண்டனர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட படியைப் பெற்றவரிடத்தே இக்குறை வெளிப்படுகின்றது. இத்தகையவர் ஊசிமுறையால் தந்தையாகும்போது பிள்ளைக்கு ஒரு படி தவறாது செல்லும். மனைவியும் அதனைத் தாங்குபவளாயின், குறிப்பாக உறவுமுறை மணங்களிலே, ஆண் பிள்ளையிடம் குறை மீண்டும் தோன்ற இடமுண்டு. ஆகவே வாலின் அமைப்பை அறிதல், சிகிச்சைக்கு முன்னர் அக்குடும்பத்தாருக்கு எடுத்துக்கூறவேண்டிய செய்தியாயிற்று.

ஊசியைப் பிடித்திருப்பவர்க்கு வேறொரு கேள்வி உண்டு. கண்முன்னே கிடக்கும் விந்தணுக்களுள் ஒன்றும் அசையவில்லை, எது உயிருள்ளது? ஈயோசின் ஏறியதைப் பின்னர்ப் பயன்படுத்த முடியாது. ஆகவே செறிவு குறைந்த கரைசலில் அவற்றைச் சிறிது நேரம் இடுகின்றனர். சிலவற்றின் வால் நுனி மெல்லச் சுருளும். சுருண்டதனையே ஊசி எடுக்கின்றது.